வரிசையிலிருந்து நான் வெளியே அனுப்பிய பெண்

இந்த முறை நகரசபைத் தேர்தல் வேலைக்கு உங்களில் பலர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். பயிற்சிக்குப் போய் வந்த இரண்டு மூன்று பேர் எனக்குத் தொலைபேசி எடுத்து, "அங்கிள், நீங்கள் கனகாலம் செய்தனீங்கள்தானே, ஏதும் ரிப்ஸ், யோசனை இருந்தால் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள். வாக்குத்தாளை இயந்திரத்துக்குள் எப்படி விடுவது, பட்டியலில் பெயர் இல்லாதவரை எப்படிச் சேர்ப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதிலே எனக்குத் தெரிந்தது எல்லாம் பழசு. பயிற்சியில் சொல்லித் தராத ஒன்றைச் சொல்கிறேன். அது நான் விட்ட பிழை. பிழைகள் பல விட்டிருக்கிறேன், அவற்றில் பெரும்பாலானவை ஒரு கோப்பியோடு மறந்துபோனவை. இது மறக்கவில்லை.

கிட்டத்தட்ட இருபது வருடம் தேர்தல் நாளில் வேலை செய்தேன். தொழிற்சாலையில் லீவு எடுத்துக்கொண்டு போவேன். "உனக்கென்ன விசரா, சும்மா கிடைக்கிற லீவை உதிலை கொண்டுபோய்ப் போடுறாய்" என்று கூட வேலைசெய்தவர்கள் பகிடி பண்ணுவார்கள். முதலில் கதவடியில் நின்று ஆட்களுக்கு வழி காட்டினேன். பிறகு பட்டியல் மேசை. கடைசியில் ஒரு வாக்களிப்பு நிலையத்துக்கே பொறுப்பாளர் ஆக்கினார்கள். நகரின் ஓரத்தில், வோபர்ன் என்ற பகுதியில், ஓர் உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடும் மண்டபம்தான் எங்கள் நிலையம். பொறுப்பாளர் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டியதும் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அந்தக் கட்டடத்தில் ரீற்றா என்று ஒருவர் இருந்தார். மன்னார்க்காரி, ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. ஒன்பதாம் மாடியில் தனியாக இருந்தார். எலிவேற்றர் நின்றுபோனால், குளிர்காலத்தில் ஹீற்றர் சூடு தராவிட்டால், கட்டடத்துக்காரர் பதில் சொல்லாவிட்டால், கவுன்சிலரின் அலுவலகத்துக்கு முதலில் போகும் தொலைபேசி ரீற்றாவுடையதாகத்தான் இருக்கும். மாடி மாடியாக ஏறிக் கையெழுத்து வாங்குவார். அந்தக் கவுன்சிலரைத் தெரிவுசெய்ய மட்டும் அவருக்கு வாக்கு இல்லை. அவர் நிரந்தர வதிவிட உரிமையோடு நின்றுவிட்டவர். நீங்களெல்லாம் சொல்லும் பி.ஆர். அவ்வளவுதான், குடியுரிமை எடுக்கவில்லை.

வாக்கு இல்லாத அந்தப் பெண்தான் தேர்தல் நாளன்று கட்டடம் முழுவதையும் கீழே இறக்குவார். "அன்ரி, இண்டைக்கு வோட், வெளிக்கிட்டாச்சோ?" என்று கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போவார். நம்மவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே. தனியே போய் வாக்குப் போடும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. கலியாண வீட்டுக்குப் போவதுபோல வீடு முழுக்கச் சேர்ந்துதான் வருவோம். ரீற்றா அவர்களை ஆறு ஆறு பேராக எலிவேற்றரில் கூட்டிவந்து வரிசையில் விட்டுவிட்டு, மண்டபத்தின் வாசலுக்கு உள்ளே ஒரு கதிரையில் இருப்பார். ஆங்கிலம் தெரியாதவர் யாராவது தடுமாறினால் எழும்பிப் போய்ச் சொல்லிக்கொடுப்பார். எனக்கு முன்னால் பொறுப்பாளராக இருந்த வெள்ளைக்கார அம்மா அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. சில வேளை ரீற்றாவுக்குக் கோப்பியும் ஊற்றிக் கொடுப்பார். நான் பட்டியல் மேசையில் இருந்தபடி, 'இந்த மனுசிக்கு ஒழுங்கு கட்டுப்பாடு இல்லை, நான் வந்தால் இதெல்லாம் திருத்தவேண்டும்' என்று நினைத்துக்கொள்வேன்.

நான் பொறுப்பேற்ற முதல் தேர்தலிலேயே திருத்தினேன்.

ஒக்ரோபர் கடைசி, நல்ல குளிர். காலையிலிருந்தே வரிசை கதவைத் தாண்டி லொபிவரை நின்றது. பதினொரு மணிபோல ரீற்றா ஒரு கூட்டத்தோடு வந்தார். அதில் செபமாலை அங்கிளும் இருந்தார். எண்பது வயதைத் தாண்டிய மனிதர், ஆறாம் மாடியில் மகனோடு இருந்தவர். கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டது. அந்தக் கோடையில்தான் அவருக்குக் குடியுரிமை கிடைத்திருந்தது. அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை, மேலே தடித்த ஜக்கெற், கையில் அடையாள அட்டைகளை ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுப் பிடித்திருந்தார். வரிசையில் முன்னுக்கும் பின்னுக்கும் நின்றவர்களிடம், "இஞ்சை எனக்கு இதுதான் முதல் வோட்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரீற்றா அவருடைய முழங்கையைப் பிடித்திருந்தார்.

அப்போதுதான் ஒரு வேட்பாளரின் பிரதிநிதி என்னிடம் வந்தார். வாக்களிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்கு உரிமை உண்டு, உங்களுக்கும் இந்த முறை இரண்டு பேராவது வந்து நிற்பார்கள். அவர் ஆங்கிலத்தில், மெல்லச் சிரித்துக்கொண்டு கேட்டார்: அந்தப் பெண் யார்? அவர் வாக்காளரா? குடியுரிமை உள்ளவர்தானா? இத்தனை பேரை ஏன் கூட்டி வருகிறார்? பிறகு என்னுடைய கழுத்து அட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "உங்களுடைய ஆட்களா?" என்றார்.

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் குத்தியது. இதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இது நடக்கும். தமிழ்ப்பெயரோடு அந்தக் கதிரையில் இருப்பவனிடம் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். எங்கடை ஆட்களுக்குச் சலுகை கொடுக்கிறான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. வேறு யாராவது வந்து தடுமாறினால் சிரித்துக்கொண்டு உதவி செய்வேன். தமிழர் வந்தால் அடையாள அட்டையை இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பேன். நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

மேசையில் கைநூல் இருந்தது. பக்கத்தில் தொலைபேசி இருந்தது. சந்தேகம் வந்தால் தலைமை அலுவலகத்தைக் கூப்பிடத்தான் அதை வைத்திருந்தார்கள். முதல் நாளே தொலைபேசி எடுத்தால் இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பார்களே! நான் எடுக்கவில்லை. நேரே ரீற்றாவிடம் போனேன். அந்தப் பிரதிநிதிக்கும் கேட்கவேண்டும் என்பதற்காக முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில், உரத்த குரலில் கேட்டேன்.

"நீங்கள் சிற்றிசனோ?"

"இல்லை அண்ணை, உங்களுக்குத் தெரியும்தானே."

"அப்ப உள்ளுக்கை நிக்கேலாது. சிற்றிசன் இல்லாதவை வெளியிலை."

"நான் வோட் போட வரேல்லை அண்ணை. அங்கிளுக்குக் கண் தெரியாது. கூட நிண்டு பேரை வாசிச்சு விடுறன், அவர் தானே போடுவார்."

"அதெல்லாம் சரிவராது. மறைப்புக்குப் பின்னாலை சிற்றிசன் இல்லாத ஆக்கள் போகேலாது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய்க்கொழுப்பு யாரை விட்டது? "இத்தினை வருசம் இஞ்சை இருந்தும் சிற்றிசன் எடுக்கேல்லை. பிறகு வோட் போடுற இடத்திலை உங்களுக்கு என்ன அலுவல்?" என்று ஒரு கேள்வியும் கேட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். ரீற்றாவின் முகம் சிவந்துபோனது. அவர் அங்கிளின் முழங்கையை மெல்ல விட்டார்.

செபமாலை அங்கிள் குரல் வந்த பக்கம் திரும்பினார். "தம்பி, மகன் வேலைக்குப் போட்டான். ரீற்றாப் பிள்ளை வராட்டில் எனக்கு வாசிக்க ஆளில்லை."

"நான் வாசிக்கிறன் அங்கிள். அதுக்குத்தானே நாங்கள் இருக்கிறம். வாங்கோ."

அவர் அசையவில்லை. "ஊரிலை மூண்டு தரம் வோட் போடப் போனனான் தம்பி. ரண்டு தரம் நான் போக முன்னமே என்ரை வோட்டை ஆரோ போட்டிட்டினம். மற்றமுறை பக்கத்திலை நிண்ட ஒருத்தன் என்ரை கையைப் பிடிச்சுத் தான் நினைச்ச இடத்திலை போடுவிச்சவன். இஞ்சையாவது நான் நினைச்ச ஆளுக்குப் போடவேணும் எண்டுதான் வந்தனான். உம்மை எனக்குத் தெரியாது. குறை நினையாதையும்."

அவர் திரும்பினார். ரீற்றா வாசலில் நின்று கெஞ்சினார். "அங்கிள், தம்பியோடை போங்கோ, அவர் நல்லவர். நான் வெளியிலை நிக்கிறன்." என்னை நல்லவர் என்று வேறு சொன்னார்! அங்கிள் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு அன்ரிமாரும் ஒரு கணவனும் மனைவியும் வரிசையை விட்டு விலகினார்கள். "உங்களுக்கென்ன, நீங்கள் போடுங்கோ" என்று ரீற்றா அவர்களையும் மறித்துப் பார்த்தார். எல்லாரும் எலிவேற்றருக்குள் ஏறிவிட்டார்கள்.

அந்தப் பிரதிநிதி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கு இனித்தது. சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆனால் அன்று பின்னேரம்வரை நான் நிமிர்ந்துதான் நடந்தேன்.

அடுத்த நாள் காலை பழைய பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். உண்மையில் என்னுடைய கெட்டித்தனத்தைச் சொல்லிப் பாராட்டு வாங்கத்தான் எடுத்தேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தப் பெண்ணிடம் உறுதிமொழி வாங்கினாயா?" என்றார். என்ன உறுதிமொழி என்று கேட்டேன். உதவி தேவைப்படும் வாக்காளர் தான் நம்பும் ஒருவரைக் கூட்டிப்போகலாம். கூடப் போகிறவர் இரகசியத்தைக் காப்பேன் என்று உறுதி சொன்னால் போதும். அவர் குடியுரிமை உள்ளவராக இருக்கவேண்டும் என்று கைநூலில் எங்கும் இல்லை. இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஒருவன் உன்னைக் கேள்வி கேட்டால் பதில் சொல்லத்தான் கைநூல் இருக்கிறது. நீ அந்தப் பெண்ணைப் பலிகொடுத்து அவனுக்குப் பதில் சொல்லியிருக்கிறாய்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நானும் கோபித்துத் தப்பியிருப்பேன். "இன்றைக்கே போய் அவர்களிடம் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் போகவில்லை.

என்ன சாட்டுச் சொல்ல? தொழிற்சாலையில் ஓவர்ரைம். பிறகு பனி கொட்டத் தொடங்கியது. பிறகு, இத்தனை மாதம் கழித்துப் போய் எதைச் சொல்வது என்ற கூச்சம். தேர்தல் முடிந்துவிட்டது, வாக்கைத் திருப்பிக் கொடுக்கவா முடியும்? அடுத்த முறை ரீற்றா வரும்போது கதிரை போட்டு இருத்தி, நானே கோப்பி ஊற்றிக் கொடுத்துச் சொல்லிவிடலாம் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். அடுத்த முறை என்பது நாலு வருடம் கழித்து என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இடையில் இன்னொரு வெட்கக்கேடும் நடந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கும் நகரசபைத் தேர்தலில் வாக்குக் கொடுக்கவேண்டும் என்ற பேச்சு இந்த ஊரில் வருவதும் போவதுமாக இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு சமூக மண்டபத்தில் அதைப் பற்றிக் கூட்டம் வைத்தார்கள். தேர்தல் அனுபவம் உள்ளவர் என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். நான் எழும்பி, "வோட் உள்ளவையே வந்து போடீனமில்லை, இல்லாதவைக்குக் குடுத்து என்ன கண்டது?" என்றேன். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது, இப்போது நினைத்தால்.

அடுத்த தேர்தலுக்கு அதே மண்டபத்தைக் கேட்டு வாங்கினேன். காலையிலேயே வாசலுக்கு உள்ளே ஒரு கதிரை போட்டுவைத்தேன். ரீற்றா வரவில்லை. கட்டடமும் வரவில்லை. எலிவேற்றர் திறந்து திறந்து மூடியது. வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், உடுப்புத் தோய்க்கப் போகிறவர்கள் எல்லாரும் எங்கள் கதவைக் கடந்து போனார்கள். அந்த முறை வரிசையே இருக்கவில்லை. பக்கத்துத் தெருவின் தனிவீட்டுக்காரர்கள்தான் வந்து போட்டுவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் நான் லொபியில் நின்றபோது, தமிழர் ஒருவர் கையில் கார்த் திறப்போடு அவசரமாகப் போனார். நான் பொறுப்பேற்பதற்கு முந்திய தேர்தல்களில் மனைவி, தாய் தகப்பனோடு வந்து போட்ட முகம்.

"தம்பி, வோட் போடேல்லையோ?" என்று கேட்டேன்.

"மனிசிக்கு இல்லை அண்ணை, அவ இன்னும் பி.ஆர். முந்தி எல்லாருமாய் வருவம், அவ பக்கத்திலை நிப்பா. போனமுறை சிற்றிசன் இல்லை எண்டு ரீற்றா அக்காவை ஆரோ ஒருத்தன் வரிசையிலை வைச்சுக் கலைச்சவனாம். அப்ப என்ரை மனிசியையும் கலைப்பாங்கள்தானே? அவளை மேலை விட்டிட்டு நான் மட்டும் வந்து போடுறதோ? எனக்கு மனம் வரேல்லை."

அந்த ஒருத்தனிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு வாக்குக் கொடுத்தால் அவர்கள் வந்து போடுவார்களா என்று இப்போது என்னைக் கேட்டால், நூறு கட்டடங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு கட்டடம். வாக்கு இல்லாத ஒரு பெண்ணை நான் அவமானப்படுத்தினேன், வாக்கு இருந்தவர்களும் வராமல் போனார்கள். எங்கள் வீடுகளில் கணவனுக்கு இருக்கும், மனைவிக்கு இராது. மகளுக்கு இருக்கும், தாய்க்கு இராது. ஒருவரைக் கதவடியில் நிறுத்தினால் மற்றவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார். அந்தக் கூட்டத்தில் சிரித்தவர்களிடம் திரும்பிப் போய் இதைச் சொல்ல எனக்கு ஆசை. ஆனால் யார் திரும்பவும் கூப்பிடப் போகிறார்கள்?

இதை ஒருமுறை உங்களில் ஒரு பிள்ளையிடம் சொன்னபோது, "அங்கிள், வை டிடின்ற் யூ ஜஸ்ற் கோல்?" என்று கேட்டாள், ஏன் பேசாமல் தொலைபேசியை எடுக்கவில்லை என்று. சரியான கேள்வி. தெரியாது என்று சொல்வது குறைவு என்று நினைத்தேன், அவ்வளவுதான். வரிசை நிற்கட்டும், பிரதிநிதி மணிக்கூட்டைப் பார்க்கட்டும், நீங்கள் தொலைபேசியை எடுங்கள். யாரையும் வெளியே அனுப்புவதற்கு முன் கட்டாயம் எடுங்கள்.

அந்தத் தேர்தலோடு நான் விட்டுவிட்டேன். தொழிற்சாலையிலிருந்தும் ஓய்வு. நகருக்கு வெளியே, ஸ்ரௌவ்வில்லில் மகள் வாங்கிய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே காரில்லாமல் ஓர் இடமும் போகமுடியாது, அது எனக்கு நல்ல சாட்டாகவும் இருந்தது. போன வசந்தத்தில்தான் மகளிடம் கேட்டு, அவள் கொண்டுவந்து இறக்கிவிட, வோபர்னுக்குப் போனேன்.

ரீற்றா கதவைத் திறந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. "வாங்கோ அண்ணை, எலிவேற்றர் வேலை செய்யுதோ, நடந்தோ வந்தனீங்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். தேத்தண்ணி போட்டார். செபமாலை அங்கிளைப் பார்க்கவேண்டும் என்றேன். அவர் போய்ச் சேர்ந்து கனகாலம் என்றார். நான் கதிரை போட்டுவைத்துக் காத்திருந்த அந்தத் தேர்தலுக்கு முந்திய மாரியிலேயே அவர் இறந்திருந்தார். கடைசிவரை தான் நினைத்த ஆளுக்கு ஒரு வாக்கும் போடவில்லை.

நான் வாயைத் திறக்க முன்னமே ரீற்றா தொடங்கிவிட்டார். "அண்டைக்கு நடந்ததுக்கு நீங்கள் ஒண்டும் நினைக்காதையுங்கோ அண்ணை. நீங்கள் சட்டத்தைத்தானே சொன்னனீங்கள். ஏன் சிற்றிசன் எடுக்கேல்லை எண்டு கேட்டனீங்கள். வரிசையிலை வைச்சுச் சொல்லுற கதையில்லை அது. ஊரிலை என்ரை மனுசனைப் பிடிச்சுக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியாது. இண்டைக்கும் ஒரு முடிவும் இல்லை. அவரைத் தேடச்சொல்லி அங்கை நான் என்ரை பேரிலைதான் முறைப்பாடு குடுத்து வைச்சிருக்கிறன். நான் வேறை நாட்டுக்காரி ஆகினால், 'நீ ஆர் கேக்க' எண்டு அதை மூடிப்போடுவாங்களோ எண்டு பயம்."

அந்தப் பயம் சட்டப்படி சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. இந்த முறை தெரிந்தமாதிரிக் கதைக்கவில்லை. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அப்படி ஒரு சட்டமே இல்லை, நானாகச் சொன்னது, அடுத்த நாளே எனக்குத் தெரியும், தெரிந்தும் வரவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

ரீற்றா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப அண்டைக்கு நான் உள்ளுக்கை வந்திருக்கலாமோ?"

"ஓம்."

"அவருக்குப் பேரை வாசிச்சிருக்கலாமோ?"

"ஓம். இரகசியத்தைக் காப்பன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

ரீற்றா சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "நான் அவரிட்டை மன்னிப்புக் கேட்டனான் அண்ணை. ஆஸ்பத்திரியிலை, கடைசி நேரம். நான் சிற்றிசன் எடுக்காததாலைதான் உங்கடை வோட் போனது, என்னை மன்னியுங்கோ எண்டு கேட்டனான். அவர் என்ரை தலையிலை கை வைச்சு, 'பறவாயில்லை பிள்ளை, உன்னை மன்னிச்சிட்டன்' எண்டவர்."

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப நான் அவருக்கு என்னெண்டு சொல்லுறது, அது என்ரை பிழையில்லை எண்டு?"